மாங்கொட்டை தேடிய கை

என் அருமை மச்சான் தேசப்பனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதம் தொடங்குகிறார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நாங்கள் இருக்கிறோம். உன் மகள் வள்ளி நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த ஆடியோடு நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. மனசுக்குள் உனக்கு எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுகூடக் காகிதத்துக்கு வரவில்லை. வந்தால் ஒரு விஷயத்தை எழுதியே ஆகவேண்டும். அந்த ஒன்றை எழுதத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது எழுதிவிடுகிறேன். உனக்குச் சாவு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, அது வரலாம் என்றும், வராமல் தடுக்கலாம் என்றும் என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தார். நான் உன்னிடம் சொல்லவில்லை. உன் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் அவளை உட்காரவைத்துப் படித்துக் காட்டவேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாது. வேண்டாத இடத்தைத் தாண்டிப் படித்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அந்தப் புத்தி எனக்கு வரக்கூடாது என்றுதான் இதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

உனக்கு ஊர்ச் செய்தி சொல்லவேண்டும். எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. கோடு போட்டுவிட்டார்கள். உன் ஊர் மதராஸ் பக்கம் போய்விட்டது. எங்கள் ஊர் புத்தலப்பட்டும் நானும் ஆந்திராவிலேயே இருக்கிறோம். நீ இருந்திருந்தால் அக்கா வீட்டுக்கு வர இப்போது ராஜ்யம் விட்டு ராஜ்யம் வரவேண்டும். டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு நான் இதற்காக எத்தனை நாள் கத்தியிருப்பேன்! "மாமா, நீ பேசற பேச்சைக் கேட்டா ரெண்டு ராஜ்யமும் பயந்துகினு ஓடிடும்" என்று நீ சிரிப்பாய். வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். பேசவேண்டிய ஒரு நாளில் அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்த வருஷமும் வைகாசி பிறந்ததும் நீ வந்துவிட்டாய். பங்காருபாளையம் பக்கம் நான் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில் காய் இறக்குவது, தரம் பிரிப்பது, வண்டி ஏற்றுவது எல்லாம் உன் பொறுப்பு. எனக்குத் தோப்பில் வேலை என்று பார்த்தால் சத்தம் போடுவது ஒன்றுதான்.

மாம்பழக் காலத்தில் நம் பக்கத்து மாடுகளுக்கு ஓர் ஆபத்து உண்டு, வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற பழத்தை மாடு முழுசாக விழுங்கிவிடும். கொட்டை தொண்டையில் நின்றுவிடும். வாயில் எச்சில் கயிறு கயிறாக ஒழுகும், புல்லும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவிய கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கொட்டையை எடுக்கவேண்டும். அது எல்லார் கைக்கும் ஆகிற காரியம் இல்லை. உன் கை மெலிந்து நீண்ட கை. சீசன் முடிவதற்குள் நாலு வீட்டிலிருந்தாவது உன்னைத் தேடி வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு என் வீட்டுச் செவலைப் பசுவுக்கு அப்படி ஒழுகியது. விடிந்ததிலிருந்து புல் தொடவில்லை. கொட்டைதான், வேறென்ன? எனக்கு யோசனையே ஓடவில்லை. தோப்பில் மரத்தின் மேல் இருந்த உன்னைக் கீழே இறக்கி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீ எண்ணெய் தடவிக்கொண்டு கையை விட்டாய். நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கொட்டை ஒண்ணியும் காணோம் மாமா. தொண்டை காலியாத்தான் கீது."

"இருக்கும்டா. நல்லா உள்ளே விட்டுப் பாரு."

நீ மறுபடியும் விட்டாய். பசு தலையை உதறியது. கடைவாய்ப் பல் உன் விரல் முட்டிகளைச் சிராய்த்துவிட்டது. கையை வெளியே எடுத்தாய். எச்சிலோடு எச்சிலாக இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் கசிந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "கொட்டையே இல்ல மாமா, வேற இன்னாவோ கோளாறு" என்றாய். அப்புறம் அக்கா போட்ட களியைத் தின்னப் போய்விட்டாய்.

இரண்டாம் தடவை கையை விடச் சொன்னது நான். அதை மட்டும் நீ மறந்துவிடக் கூடாதா என்று சில சமயம் நினைக்கிறேன். செத்தவர்களுக்கு மறதி உண்டா தேசப்பா?

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேறு ஒரு வீட்டுக்கு வந்தவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அதற்குள் செவலையின் குரல் கம்மிப் போயிருந்தது. பின்னங்கால் தள்ளாடியது. கட்டுத்தறியை முட்டிக்கொண்டே இருந்தது. கம்பவுண்டர் பத்தடி தள்ளி நின்றார். கிட்டே வரவில்லை. "எவரு நோட்லோ சேயி பெட்டினாரு?" என்று கேட்டார். வாயில் கையை விட்டது யார் என்கிற கேள்வி. எங்கள் ஊர்ப் பழக்கம் அவருக்குத் தெரியும், அதனால்தான் எடுத்ததும் அதைக் கேட்டார்.

என் மச்சான் என்றேன்.

"இது கொட்டை இல்ல. வெறிநாய் எதுவோ கடிச்சிருக்கு, அந்த விஷம். உன் மச்சானைச் சித்தூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே அனுப்பு. வயித்துல பதினாலு ஊசி. ஒண்ணும் விடக்கூடாது. கடிச்சாத்தான் வரும்னு இல்ல, எச்சில் காயத்துல பட்டா போதும். அர்த்தமைந்தா?"

புரிந்தது என்று தலையை ஆட்டினேன். புரியாமல் என்ன? தெலுங்கும் தமிழும் இரண்டும் தெரிந்தவன்தானே நான்.

பால் குடித்தவர்களுக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். காய்ச்சிக் குடித்த பாலால் பயமில்லை என்றார். மாட்டை யாரும் தொடாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். செவலை அடுத்த நாள் செத்தது. தொண்டையில் கொட்டை அடைத்துச் செத்தது என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். "நான்தான் தேடிப் பாத்தேனே மாமா" என்று நீ கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாய். உன் கைக்கு ஒரு கொட்டை தப்பிவிட்டது என்று உனக்கு அவமானம்.

ஏன் சொல்லவில்லை? இந்த மூன்று வருஷமாக இதற்கு நல்ல காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். செவலையின் பாலை நாலைந்து வீட்டில் வாங்கிக் குடித்தார்கள். பசுவுக்கு நாய்வெறி என்று தெரிந்தால் ஊரே வாசலில் வந்து நிற்கும். கொல்லையில் கட்டி லட்சுமி என்று பொட்டு வைத்த மாட்டை வெறிபிடித்த மாடு என்று எந்த வாயால் சொல்வது? காய் பழுத்து உதிர்கிற நேரத்தில் பதினாலு நாள் உன்னைச் சித்தூருக்கு அனுப்பிவிட்டால் தோப்பை யார் பார்ப்பது? இப்படி ஒவ்வொன்றாக யோசித்து, ஞாயிற்றுக்கிழமை லோடு போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். ஞாயிறு வந்தது. லோடும் போனது. எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நாலு நாள் கழித்துச் சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாயே! கடைசியில் அந்தக் கூச்சம்தான், தேசப்பா. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

தினமும் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு நாளில் சிராய்ப்பு ஆறிவிட்டது. பொருக்கு உதிர்ந்து தழும்புகூடத் தெரியவில்லை. ஆறிவிட்டது, இனிமேல் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காயம் ஆறிய பிறகும் அந்த விஷம் உள்ளே மாசக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்கவும் இல்லை.

ஆனி முடிகிற சமயம் நீ ஊருக்குக் கிளம்பினாய். புத்தூர் பஸ்ஸுக்காக நாம் இரண்டு பேரும் ரோட்டில் நின்றோம். பழக்கூடை உன் காலடியில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்தது எல்லைப் பேச்சு. எந்தத் தாலூகா எந்தப் பக்கம் போகும் என்று அரை மணி நேரம் பேசினேன். பஸ் வந்தது. ஜன்னல் வழியாக அந்தக் கையைத்தான் ஆட்டிக்கொண்டு போனாய்.

ஆடியில் உன் ஊரிலிருந்து ஆள் வந்தது. கையெல்லாம் மதமதவென்கிறதாம், இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லையாம், பேய் அடித்தவன் மாதிரி பயப்படுகிறானாம். வந்தவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். தண்ணீர் என்ற வார்த்தைக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. உன் அக்கா அழுதுகொண்டே பஸ்ஸில் வந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன் வீட்டில் கதவை எல்லாம் சாத்தியிருந்தார்கள். காற்றுப் பட்டால் உனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது என்று உன் பெண்டாட்டி கன்னியம்மா சொன்னாள். அவள் என்றைக்கும் அதிகம் பேசாதவள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அந்தக் காற்றுக்கே உனக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. கொஞ்சம் அடங்கியதும் தெளிவாகத்தான் பேசினாய். அதுதான் கொடுமை. உனக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது.

"மாமா, தாகமா கீது. ஆனா தண்ணிய மட்டும் கிட்ட கொண்டாராதே."

அப்புறம் கேட்டாய். "என்னை நாய் ஒண்ணும் கடிக்கலியே மாமா. எனக்கு எதுக்கு இப்படி வந்துச்சி?"

பதில் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருக்கும்டா, சரியாப் போயிடும்" என்றேன்.

வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரியில் உன்னைச் சித்தூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்த உடனே நாய் எப்போது கடித்தது என்று கேட்டார். "கடிக்கலீங்க" என்று நீ கையெடுத்துக் கும்பிட்டாய். இது வெளியே வந்த பிறகு மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் மருந்து என்று அவர் உன் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். மறுநாள் காலையில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்டால் என்னை மன்னிக்கவே மாட்டாய். உன்னை நாய் கடித்திருக்கிறது, ஊசிக்குப் பயந்து நீ அதை வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டாய் என்று உன் ஊரில் பேசினார்கள். பேசிப் பேசி அதுவே நிஜமாகிவிட்டது. கன்னியம்மாவும் நம்பினாள். பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் வாயை மூடிக்கொண்டு செத்தவன் என்று உன் மேல் அவளுக்கு ஆத்திரம். உன் அக்காவுக்கும் அதேதான். வேலை செய்துகொண்டே இருப்பாள். திடீரென்று, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா பாவி" என்று உன்னைத் திட்டி அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் அவளுக்குத் தேறுதலும் சொல்லியிருக்கிறேன்.

இப்படியே என் காலம் போயிருக்கும். வள்ளி விடவில்லை.

இந்தச் சித்திரையில் கோடு போட்டு முடிந்ததும் உன் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். வள்ளி ஓடி வந்தாள். ஒன்பது வயசாகிறது, உன்னைப் போலவே ஒல்லி. கெண்டைக்காலில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் தெருவில் சுற்றிய குட்டிநாய் ஒன்று கடித்ததாம். நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள். பச்சிலைக்காரரிடம் மருந்து வாங்கிக் கொடுத்துக் கையில் கயிறும் கட்டியாகிவிட்டது.

"குட்டி நாய்தாண்ணா, பல்லே சரியா மொளைக்கல" என்றாள் கன்னியம்மா.

குழந்தையைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பைக் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். சித்தூரில் ஊசி போடவேண்டும் என்றேன். கன்னியம்மா யோசித்தாள். "நாங்க இப்ப மதராஸ்காரங்க. சித்தூர்ல எங்களுக்குப் போடுவாங்களா?" அது யாருக்கும் தெரியவில்லை. போட்டுத்தான் ஆகவேண்டும் என்று கத்திவிட்டு, அத்தை வீட்டில் பத்து நாள் மாம்பழம் தின்றுவிட்டு வரட்டும் என்று நயமாகவும் சொல்லி, அன்றைக்கே வள்ளியை அழைத்துவந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் எந்த ராஜ்யம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடித்தது எப்போது, கழுவினீர்களா, இந்த இரண்டைத்தான் கேட்டார்கள். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் பார்த்திருந்தால் அதற்கு வெறி உண்டா இல்லையா என்று தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

தினமும் காலை பஸ். தினமும் வயிற்றில் ஒரு ஊசி. முதல் நாள் அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற பெரிய ஆட்கள் இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். அப்புறம் பழகிவிட்டாள். பஸ்ஸில் எனக்கே உத்தரவு போடுவாள். "மாமா, சும்மா பேசிகினே வராதே. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க." யார் பேச்சு அது? உன் பேச்சுதானே?

ஏழாவது ஊசி முடிந்து வீடு வந்தோம். கன்னியம்மா வந்து காத்திருந்தாள். ஊரில் கங்கம்மா ஜாத்திரை, பிள்ளையை அழைத்துப் போகவேண்டும் என்றாள். பாவாடையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள். அங்கங்கே கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"போதும்ணா. காலு காயம் ஆறிப்போச்சி பாரு. ஆறின காயத்துக்கு இன்னும் எதுக்கு ஊசி? பிள்ளைய கொன்னுடாதீங்க."

மீதி ஏழும் போட்டே ஆகவேண்டும் என்றேன். காயம் ஆறியது கணக்கு இல்லை என்றேன். உன் அக்கா கடைக்குப் போயிருந்தாள். கன்னியம்மா வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். "உங்களுக்கு இன்னாண்ணா தெரியும்? எங்க வூட்டுக்காரு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே இட்டுகினு போயிருப்பேன். இவளுக்குத்தான் பாதி போட்டாச்சே."

அப்போதுதான் சொன்னேன், தேசப்பா. நல்ல மனசு வந்து சொன்னதாக நினைக்காதே. வேறு எதைச் சொன்னாலும் அவள் நிற்கமாட்டாள் என்று தெரிந்ததால் சொன்னேன். செவலையைச் சொன்னேன். இரண்டாம் தடவை கையை விடச் சொன்னதைச் சொன்னேன். கம்பவுண்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அவன் காயமும் இப்படித்தான்மா ஆறிச்சி. நான் பார்த்துகினே இருந்தேன்" என்றேன்.

அவள் வள்ளியின் கையை விட்டுவிட்டாள். "அப்போ அவரு எங்கிட்ட எதையும் மறைக்கல" என்றாள். அதை இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு அந்த அழுகையின் அர்த்தம் புரிந்தது. மூன்று வருஷமாக அவள் உனக்காக அழவே இல்லை.

ஜாத்திரைக்குப் போகவில்லை. மீதி ஏழு நாளும் அவளே எங்களோடு பஸ்ஸில் வந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாலாவது ஊசி முடிந்து ஊருக்குக் கிளம்புகிறபோதுதான் பேசினாள். "அக்காவுக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லமாட்டேன்."

இன்றைக்கும் நாய் கடித்தால் நம் ஜனம் முதலில் பச்சிலைக்குத்தான் ஓடுகிறது. ஊசி ஆரம்பித்தவர்களும் மூன்றோ நாலோ போட்டுக்கொண்டு, காயம் ஆறியது என்று வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். மாம்பழக் காலத்தில் ஒழுகுகிற மாட்டின் வாயில் இப்போதும் கையை விடுகிறார்கள். போன வாரம்கூட ஒருவனைக் கையோடு பிடித்து இழுத்தேன். "கொட்டைதான் மாமா" என்கிறான். எச்சில் பட்ட இடத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவு, உடனே சித்தூர் பஸ்ஸைப் பிடி என்று இப்போதெல்லாம் டீக்கடையில் எல்லையை விட்டுவிட்டு இதையேதான் கத்துகிறேன். உன் பெயரை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் என் பெயரும் வந்துவிடும்.

மேலே உள்ளதெல்லாம் எழுதி நாலு நாள் ஆகிறது. நேற்று மத்தியானம் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உன் பெயரைக் கேட்டதும் புன்னகை செய்தாள். கம்பவுண்டர் வந்த இடத்தில் அவள் கை நின்றது. நான் ஒரு வரியும் விடவில்லை. தேறுதல் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியில் ஒரு தடவை நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன்.

முடித்ததும் அவள் மடியில் இருந்த தோலை எல்லாம் முறத்தில் தட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ என்று சொன்னதில்லை. நேற்றுச் சொன்னாள்.

"எந்தம்பி செத்தும் அவனைத் திட்டிகினு கெடந்தேன். நீ பக்கத்துல குந்திகினு கேட்டுகினுதானே இருந்தே?"

ஆமாம் என்றேன்.

மீதிக் கடலையைச் சாயங்காலம் வரை உடைத்தாள். விளக்கு ஏற்றிவிட்டு வந்து நின்றாள். "பேப்பர்ல போட்டா எந்தம்பி ஊர்ல எத்தினி பேரு படிப்பாங்க? அங்க எத்தினி பேருக்கு எழுத்து தெரியும்? அவன் மறைச்சான்னு சொன்னவங்க எதிர்ல நின்னு படி. நானும் வரேன்."

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். உன் பங்காளிகள் என்னை அடிக்கலாம். அடித்தால் அடிக்கட்டும். இவள் என்னோடு இனிமேல் எப்படி வாழ்வாள் என்றும் தெரியவில்லை. அதையும் நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். உன் ஊர் நடுவில் நின்று இதை முழுசாகப் படிப்பேன். அப்புறம் எந்த ஊரில் யாரை நாய் கடித்தாலும், வெறிமாட்டின் எச்சில் பட்டாலும், உன் கதையை உன் பெயரோடும் என் பெயரோடும் சொல்லித்தான் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. என்னைப் பற்றி என்ன நினைக்கிறாயோ நினைத்துக்கொள். உன்னை நாய் கடிக்கவில்லை, நீ யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவன் நான்.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன்னிடம் வாயடைத்துப்போன மாமன்,
ஏகாம்பரம்